ரிப்போர்ட்டில் 'குறைவு' என்று வந்தால் அப்பாவின் மூளை அவ்வளவுதானா?

கேள்வி (ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி):

அப்பாவுக்கு 49 வயது. தறி மெக்கானிக். பதினைந்து வருஷமாகக் குடிக்கிறார். கடைசி நாலு வருஷம் தினமும் ஒரு ஆஃப். ஒருநாள் காய்ச்சலில் படுத்துக் குடிக்காமல் இருந்தபோது கை நடுங்கி வலிப்பு வந்துவிட்டது. தனியார் சிகிச்சை மையம் ஒன்றில் பத்து நாள் வைத்திருந்தோம். இன்றோடு 41 நாள் ஆகிறது, தொடவில்லை.

சேர்த்த மூன்றாம் நாள் ரத்தம் எடுத்து 'மூளை நரம்புப் புரதப் பரிசோதனை' என்று தனியாக ஒரு டெஸ்ட் செய்தார்கள். பி.டி.என்.எஃப். 'குறைவு', என்.ஜி.எஃப். 'அதிகம்' என்று வந்தது. நரம்பை வளர்க்கும் புரதம் குறைந்துவிட்டது, மூன்று மாதம் காப்ஸ்யூல் சாப்பிட்டுவிட்டு மறுபடி டெஸ்ட் எடுங்கள் என்கிறார்கள். மாதம் 4,800 ரூபாய். அதைக் கேட்டதிலிருந்து அப்பா இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். "மூளையே செத்துப்போச்சுன்னா இனி குடிச்சா என்ன, குடிக்காட்டி என்ன" என்கிறார். மறதியும் இருக்கிறது. ஸ்பேனரை வைத்த இடம் தெரியாமல் தேடுகிறார், நேற்றுப் பேசியதை இன்று மறுபடி கேட்கிறார். நிஜமாகவே மூளை போய்விட்டதா? காப்ஸ்யூல் வாங்கலாமா? எனக்கும் பிளஸ் டூ படிக்கும் தம்பிக்கும் இந்தப் புரதம் பிறவியிலேயே குறைவாக இருக்குமோ? நாங்களும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா? ரிப்போர்ட்டின் மூன்று பக்கத்தையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் அப்பாவின் மூளை செத்துப்போகவில்லை. அந்த ரிப்போர்ட் அப்படிச் சொல்லவும் இல்லை. அப்படிச் சொல்லும் சக்தி அந்த டெஸ்டுக்குக் கிடையாது. காப்ஸ்யூல் வாங்க வேண்டாம். மறு டெஸ்டும் வேண்டாம். இதை முதலில் அப்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

சொல்லிவிட்டீர்களா? சரி. இப்போது காரணங்களைப் பார்ப்போம். அந்த மூன்று பக்கங்களில் உண்மையிலேயே கவனிக்க வேண்டிய ஒரு எண் இருக்கிறது. அதைப் பற்றி உங்களிடம் யாரும் பேசியதாகத் தெரியவில்லை. அதற்கும் வருகிறேன்.

பி.டி.என்.எஃப். என்பதை 'மூளைவழி நரம்பு வளர்ச்சிக் காரணி' என்று சொல்லலாம். 1982ல் ஈவ்-அலென் பார்ட், டேவிட் எட்கர், ஹான்ஸ் தோனென் மூவரும் ஜெர்மனியில் பன்றியின் மூளையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். என்.ஜி.எஃப்., அதாவது 'நரம்பு வளர்ச்சிக் காரணி', அதற்கு மூத்தது. இத்தாலியப் பெண் விஞ்ஞானி ரீட்டா லெவி-மொன்டால்சினி 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கண்டறிந்தது. முசோலினியின் இனச் சட்டங்களால் வேலை போய், போர்க்காலத்தில் தன் படுக்கையறையிலேயே கோழிக்கருக்களை வைத்து ஆராய்ந்தவர் அவர். 1986ல் ஸ்டான்லி கோஹனோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார். இந்தப் புரதங்கள் நரம்பு செல்களை உயிரோடு வைத்திருக்கவும், கிளை விடச் செய்யவும், ஒன்றோடொன்று பேசும் இணைப்புகளைப் பலப்படுத்தவும் உதவுகின்றன. நாம் ஒன்றைக் கற்றுக்கொள்ளும்போது, நினைவில் பதியும்போது, பி.டி.என்.எஃப். வேலை செய்கிறது. இதுவரை மையத்தில் சொன்னது சரிதான்.

குடிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பதும் பொய் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் டோரிட் ரான் என்பவரின் குழு எலிகளில் பல வருஷம் செய்த வேலை இது: அளவாகக் குடிக்கும் எலியின் மூளையில், பழக்கங்களை ஆளும் ஒரு பகுதியில், பி.டி.என்.எஃப். ஏறுகிறது. ஏறி, குடியை மேலே போகவிடாமல் பிரேக் பிடிப்பதுபோல வேலை செய்கிறது. பிறவியிலேயே இந்தப் புரதம் பாதியாக உள்ள சுண்டெலிகள் கூடுதலாகக் குடிக்கின்றன. நீண்ட நாள் அதிகமாகக் குடித்தால் அந்த பிரேக் தேய்ந்துபோகிறது. சிகாகோவில் சுபாஷ் பாண்டேயின் குழு, பயத்தைக் கையாளும் அமிக்டலா பகுதியில் இதே புரதம் குறைந்தால் எலிகளுக்குப் பதற்றமும் குடியும் சேர்ந்தே கூடுவதைக் காட்டியது. எனக்கு இந்த ஆய்வுகள் மேல் மரியாதை உண்டு. குடிநோய் ஒழுக்கக்கேடு, மனவுறுதி இல்லாதவனின் வியாதி என்று இன்னும் பேசுகிற ஊரில், மூளையில் ஒரு பிரேக் இருக்கிறது, அது தேயும் என்று காட்டியவர்கள் இவர்கள்.

ஆனால் அவையெல்லாம் மூளைக்குள்ளேயே, குறிப்பிட்ட இடத்தில் அளந்தவை. உங்கள் அப்பாவுக்கு அளந்தது கையிலிருந்து எடுத்த ரத்தத்தில். இங்கேதான் சிக்கல்.

ரத்தத்தில் உள்ள பி.டி.என்.எஃப்.இல் பெரும்பங்கு பிளேட்லெட்டுகளுக்குள் இருக்கிறது. டெங்கு வந்தால் குறைகிறதே, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள், அவைதான். ரத்தத்தைக் குழாயில் எடுத்து உறைய விட்டால், பிளேட்லெட்டுகள் தங்களுக்குள் வைத்திருப்பதை வெளியே கொட்டிவிடும். பிறகு மேலே தெளியும் சீரத்தில் பி.டி.என்.எஃப். அளந்தால், கொட்டியது முழுவதும் கணக்கில் வரும். உறையவிடாமல் பிரிக்கும் பிளாஸ்மாவில் அளந்தால் இதைவிடப் பல பத்து மடங்கு குறைவாகத்தான் கிடைக்கும். எலும்பு மஜ்ஜையில் பிளேட்லெட்டுகளைப் பிறப்பிக்கும் பெரிய செல்களே இந்தப் புரதத்தைத் தயாரிக்கின்றன என்று 2016ல் ஒரு குழு காட்டியது. 1982ல் இதை முதலில் பிரித்தெடுத்த அதே பார்ட் அந்தக் குழுவிலும் இருந்தார். இன்னொன்றும் சொல்கிறேன். சுண்டெலியின் ரத்தத்தில் பி.டி.என்.எஃப். கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆனால் அதன் மூளையில் தாராளமாக இருக்கிறது. ரத்தத்தில் இருப்பது ஒரு கணக்கு, மூளையில் இருப்பது வேறு கணக்கு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இப்போது உங்கள் ரிப்போர்ட்டின் மூன்றாம் பக்கத்தை எடுங்கள். சாதாரண ரத்த எண்ணிக்கை அட்டவணை. அதில் பிளேட்லெட் 84,000 என்று இருக்கிறது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. பி.டி.என்.எஃப். அளந்தது சீரத்தில் என்று முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். கொட்டும் பைகளே பாதிதான் இருக்கின்றன. கொட்டியது குறைவாக இருப்பதில் என்ன ஆச்சரியம்? அந்தக் 'குறைவு' என்ற சொல்லில் பெரும்பங்கு பிளேட்லெட்டைப் பற்றியதாக இருக்கலாம். இரண்டு எண்களும் ஒரே ரிப்போர்ட்டில் இருந்தும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லையே என்பதுதான் எனக்கு வருத்தம்.

பிளேட்லெட் ஏன் குறைந்தது? அதிகமாகக் குடித்தால் ஆல்கஹால் எலும்பு மஜ்ஜையை நேரடியாக அமுக்கும். உங்கள் அப்பாவின் அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஆஃப் என்றால் 375 மில்லி; நம் ஊர் பிராந்தியிலும் ரம்மிலும் 42.8 சதவீதம் ஆல்கஹால்; அப்படியானால் தினம் சுமார் 125 கிராம் சுத்த ஆல்கஹால். இது மஜ்ஜையை அமுக்கப் போதும். குடியை நிறுத்திய சில நாளில் பிளேட்லெட் ஏறத் தொடங்கி, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகிவிடும். சிலருக்குக் கொஞ்ச நாள் வழக்கத்தைவிட அதிகமாகவும் ஏறும்.

ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள். குடியை நிறுத்தியவர்களுக்கு முதல் வாரங்களில் சீரம் பி.டி.என்.எஃப். ஏறுகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மூளை தேறுவதன் அடையாளம் என்று அதைப் படிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே நாட்களில் பிளேட்லெட்டும் ஏறுகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்காத வரை அந்த ஏற்றம் மஜ்ஜையின் கதையா, மூளையின் கதையா என்று சொல்ல முடியாது. நாளை மூன்று மாதம் கழித்து மறு டெஸ்டில் எண் கூடியிருந்தால், காப்ஸ்யூல்தான் ஏற்றிவிட்டது என்று உங்களிடம் சொல்வார்கள். காப்ஸ்யூல் இல்லாமலும் அது ஏறியிருக்கும்.

பிளேட்லெட் குறைய இன்னொரு காரணமும் உண்டு. இதனால்தான் அந்த எண் முக்கியம் என்றேன். கல்லீரல் இறுகிச் சுருங்கத் தொடங்கினால், அதாவது சிரோசிஸ் ஆனால், மண்ணீரல் வீங்கும். வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்படிக் குறைந்தது குடியை நிறுத்திய இரண்டு வாரத்தில் திரும்பாது. அப்பாவின் ஜி.ஜி.டி. என்ற கல்லீரல் நொதி 312 என்று இருக்கிறது, சிவப்பணுக்களின் சராசரிப் பருமனைக் காட்டும் எம்.சி.வி. 104. இரண்டும் குடியின் சுவடுகள்தான், நிறுத்தினால் இறங்குபவை. ஜி.ஜி.டி. சில வாரங்களில் இறங்கும், எம்.சி.வி. இரண்டு மூன்று மாதம் எடுத்துக்கொள்ளும். ஆனால் பிளேட்லெட்டை இந்த வாரமே மறுபடி பாருங்கள். அரசு மருத்துவமனையில் சாதாரண ரத்தப் பரிசோதனை, செலவில்லை. ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தால் நிம்மதி. 41 நாளுக்குப் பிறகும் ஒரு லட்சத்துக்குக் கீழேயே நின்றால் வயிற்று ஸ்கேன் எடுத்து கல்லீரல், மண்ணீரலைப் பார்க்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். அந்த 4,800 ரூபாயில் ஒரு பங்கு செலவானால் இங்கே செலவாகட்டும்.

அடுத்து, என்.ஜி.எஃப். 'அதிகம்' என்று வந்தது உங்களைக் குழப்பியிருக்கும். ஒரு வளர்ச்சிப் புரதம் குறைந்து, இன்னொன்று கூடினால் நரம்பு வளர்கிறதா, தேய்கிறதா? குடிநோயாளிகளின் ரத்தத்தில் என்.ஜி.எஃப். குறைவு என்றும் ஆய்வு உண்டு, கூடுதல் என்றும் ஆய்வு உண்டு. பி.டி.என்.எஃப்.இலும் அப்படித்தான்: குறைவு என்றவர்கள் உண்டு, வித்தியாசமே இல்லை என்றவர்களும் உண்டு. எந்த நாளில் ரத்தம் எடுத்தார்கள், சீரமா பிளாஸ்மாவா, எவ்வளவு நேரம் உறைய விட்டார்கள், புகைப்பவரா, மனச்சோர்வு இருந்ததா, வயது என்ன, எல்லாமே எண்ணை மாற்றும்.

என்.ஜி.எஃப். எவ்வளவு சீக்கிரம் அசையும் என்பதற்கு எனக்குப் பிடித்த இரண்டு இத்தாலிய ஆய்வுகளைச் சொல்கிறேன். 1994ல் வெளிவந்த ஒன்றில், முதன்முதலாக விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கப்போகும் இளம் ராணுவ வீரர்களின் ரத்தத்தைப் பார்த்தார்கள். என்.ஜி.எஃப். ஏறியிருந்தது. 2006ல் பவியா நகரத்தில், புதிதாகக் காதலில் விழுந்த 58 பேரின் ரத்தத்தைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் ஏறியிருந்தது. ஒன்றிரண்டு வருஷம் கழித்து, அதே ஜோடியாக இருந்தவர்களிடம் திரும்பப் பார்த்தபோது சாதாரண அளவுக்கு இறங்கிவிட்டிருந்தது. இப்போது உங்கள் அப்பாவின் மூன்றாம் நாளை நினைத்துப் பாருங்கள். வலிப்பு வந்து முடிந்திருக்கிறது. தூக்கமில்லை. வியர்வை, நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு. குடியை நிறுத்திய இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரைதான் மனக்குழப்பமும் மாயத்தோற்றங்களும் வரக்கூடிய உச்சகட்டம். உடம்பு முழுக்க அபாயச் சங்கு ஊதிக்கொண்டிருக்கும் அந்த நாளில் எடுத்த ரத்தத்தை வைத்து ஒரு மனிதனின் மூளைக்குத் தீர்ப்பு எழுதலாமா?

ஆராய்ச்சிக்கு இந்த டெஸ்ட் பயன்படாது என்று சொல்லவில்லை. நூறு குடிநோயாளிகளையும் நூறு குடிக்காதவர்களையும் ஒப்பிட்டுச் சராசரி பார்ப்பது ஆராய்ச்சி. அதில் வித்தியாசம் தெரிந்தாலும் இரண்டு கூட்டத்தின் எண்களும் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்துதான் கிடக்கும். ஊரில் இரண்டு பள்ளிக்கூடங்கள். ஒன்றின் சராசரி மார்க் 62, மற்றதில் 66 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை 64 வாங்கியிருந்தால் அவன் எந்தப் பள்ளி என்று சொல்ல முடியுமா? குடிநோயைக் கண்டுபிடிக்கவோ, யார் தேறுவார் யார் திரும்பக் குடிப்பார் என்று கணிக்கவோ, சிகிச்சையைத் தீர்மானிக்கவோ ரத்த பி.டி.என்.எஃப்.ஐப் பயன்படுத்துங்கள் என்று எந்தச் சிகிச்சை வழிகாட்டியும் சொல்வதில்லை.

காப்ஸ்யூல் பற்றி. நீங்கள் அனுப்பிய அட்டைப் படத்தில் ஒரு காளானின் சாறும் சில மூலிகைகளும் வைட்டமின்களும் இருக்கின்றன. அந்தக் காளானில் உள்ள சில பொருட்கள் ஆய்வகத் தட்டில் வளர்க்கும் செல்களை என்.ஜி.எஃப். சுரக்க வைக்கின்றன என்பது உண்மை. தட்டில் நடப்பது தட்டில். குடியை நிறுத்திய மனிதருக்கு அது உதவியது என்று காட்டும் நம்பகமான ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. போகட்டும், என்.ஜி.எஃப். ஏற்கெனவே 'அதிகம்' என்று எழுதிவிட்டு அதைக் கூட்டும் காளானை எதற்குக் கொடுக்க வேண்டும்? இந்தப் புரதத்தை ஊசியாகவே உடம்பில் செலுத்திப் பார்த்த காலமும் உண்டு. 1990களில் ஏ.எல்.எஸ். என்ற நரம்புச் சிதைவு நோய் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு பி.டி.என்.எஃப்.ஐத் தோலுக்கடியில் போட்டுப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. என்.ஜி.எஃப்.ஐ ஊசியாகப் போட்டால் வலிதான் கூடும். அதைத் தடுக்கும் மருந்தை வலிநிவாரணியாக ஆக்க முடியுமா என்று பின்னாளில் வருஷக்கணக்காக ஆராய்ந்தார்கள். ஆக, 'வளர்ச்சி' என்று பெயரில் இருப்பதாலேயே கூடக்கூட நல்லது என்று ஆகிவிடாது. அதைவிட முக்கியம், கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது என்று இன்னும் தெரியாத மனிதருக்கு, என்னென்ன கலந்தது என்று தெரியாத மூலிகைக் கலவையைக் கொடுப்பது ஆபத்து. 'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்' என்று விற்கும் பொடிகளையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

சரி, மறதி? அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

குடியை நிறுத்திய முதல் மாதங்களில் கவனம் சிதறுவது, புதிதாகக் கேட்டது பதியாமல் போவது சகஜம். நல்ல செய்தி என்னவென்றால், சுருங்கிய மூளை ஓரளவு மீண்டும் பருமன் கூடுவதை எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அதிலும் முதல் மாதத்தில் வேகம் அதிகம். பிறகு மாதக்கணக்கில் மெதுவாகத் தொடர்கிறது. உங்கள் அப்பா அந்த வேகமான காலத்தைக் குடிக்காமல் கடந்திருக்கிறார். அவர் மூளை தேறிக்கொண்டிருக்கும் நாட்களில்தான் அவரிடம் போய் அது செத்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள்.

இதில் எனக்கும் ஒரு பழைய காயம் உண்டு. படிப்பு முடித்த புதிதில் ஒருவருக்கு ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'மூளைச் சுருக்கம்' என்று வந்ததை, பயந்தாவது நிறுத்தட்டும் என்று அப்படியே படித்துக் காட்டினேன். பதினெட்டு நாள் குடிக்காமல் இருந்தவர். மறுநாளே கடைக்குப் போனார். போனவர் பல மாதம் திரும்பி வரவில்லை. பயமுறுத்தினால் நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தது தவறு. நம்பிக்கை போனவர் எதற்காக நிறுத்த வேண்டும்? உங்கள் அப்பா கேட்கும் கேள்வியும் அதேதான். அதனால்தான் முதல் வரியிலேயே பதில் சொல்லி உங்களை அவரிடம் அனுப்பினேன்.

மறதிக்கு நாம் உடனே பார்க்க வேண்டியது தயாமின், அதாவது வைட்டமின் பி1. நாள்பட்ட குடியில் சாப்பாடு குறைகிறது, குடலும் இதைச் சரியாக உறிஞ்சாது. கடுமையாகக் குறைந்தால் குழப்பம், நடையில் தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு வரும். 1881ல் கார்ல் வெர்னிக்கே விவரித்தார், அவர் பெயரால்தான் அந்த நோயை இன்றும் சொல்கிறோம். கவனிக்காமல் விட்டால் புதிய நினைவுகளே பதியாத கோர்சகாஃப் நிலைக்குப் போய்விடும். மையத்தில் தயாமின் ஊசி போட்டார்களா, எத்தனை நாள் போட்டார்கள் என்று டிஸ்சார்ஜ் சுருக்கத்தைப் பாருங்கள். போடவில்லை என்றாலோ, அப்பா நடக்கும்போது காலை அகட்டி வைத்துத் தள்ளாடினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, நடக்காததை நடந்ததாகச் சொன்னாலோ தாமதிக்காமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். இல்லையென்றால் தயாமின் மாத்திரையை மருத்துவர் சொல்லும் வரை தொடருங்கள், விலை மலிவு. மூன்று மாதம் முடியும்போது மனநல மருத்துவரிடம் பத்துப் பதினைந்து நிமிட நினைவுச் சோதனை ஒன்று செய்யச் சொல்லுங்கள். பேனாவும் தாளும் போதும். ஆறு மாதத்தில் அதையே திரும்பச் செய்து ஒப்பிடலாம். அப்பாவின் மூளை எப்படி இருக்கிறது என்பதற்கு எந்த ரத்த எண்ணைவிடவும் அதுதான் நேரான பதில்.

உங்கள் கடிதத்தில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆன பிறகு குடிவேட்கையைக் குறைக்க எந்த மருந்தும் கொடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் கொடுத்த மருந்து பத்து நாளோடு முடிந்துவிடும். அது முடியத்தான் வேண்டும். அப்புறம்தான் சிகிச்சையே தொடங்குகிறது. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்ற இரண்டுக்கும் நல்ல ஆதாரம் உண்டு. கல்லீரல் பாதித்தவர்களுக்கு பாக்லோஃபென் கொடுப்பதும் உண்டு. டைசல்ஃபிராம் என்பது குடித்தால் உடம்பு ஏற்காமல் செய்யும் மாத்திரை. அப்பாவுக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, வீட்டில் ஒருவர் கண்முன்னே கொடுத்தால் மட்டுமே அதைப் பற்றி யோசிக்கலாம். எது பொருந்தும் என்பது கல்லீரல் நிலையைப் பொறுத்தது. அதற்கும் அந்த பிளேட்லெட், ஸ்கேன் முடிவுகள் வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அப்பாவுக்குப் பேச ஆள் வேண்டும் என்றால் குடியிலிருந்து மீள்பவர்களே கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் பக்கத்தில் எங்கே நடக்கிறது என்று விசாரியுங்கள். 'உனக்கு என்ன தெரியும்' என்று அங்கே அவர் யாரிடமும் கேட்க முடியாது. இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

பி.டி.என்.எஃப். பற்றி இவ்வளவு கேட்டதால், இதையும் சொல்கிறேன். 2011ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 120 முதியவர்களில் பாதிப் பேர் ஒரு வருஷம் வாரத்துக்கு மூன்று நாள் வேகநடை நடந்தார்கள். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதி அவர்களுக்குச் சுமார் 2 சதவீதம் பருத்தது. கூடுதலாகப் பருத்தவர்களுக்கு ரத்த பி.டி.என்.எஃப்.உம் கூடுதலாக ஏறியிருந்தது. அவர்கள் குடிநோயாளிகள் இல்லை, அதனால் அப்படியே அப்பாவுக்குப் பொருத்த மாட்டேன். ஆனால் நடை கெடுதல் செய்யாது. தூக்கம் வரும், சாயங்காலம் அந்த ஆறு மணியைக் கடக்கவும் உதவும். பட்டறையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் கடை இருக்கிறது என்றால் வேறு வழியாக, முடிந்தால் உங்களில் ஒருவரோடு, நாற்பது நிமிடம் நடக்கட்டும்.

கடைசியாக, நீங்களும் தம்பியும். டெஸ்ட் எடுக்க வேண்டாம். பி.டி.என்.எஃப். மரபணுவில் 66ஆம் இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கும் வகை ஒன்று உண்டு. ஆரோக்கியமான மனிதர்களிடம் பரவலாகக் காணப்படுவதுதான். அதற்கும் குடிநோய்க்கும் தொடர்பு தேடிய ஆய்வுகள் ஒரே பக்கம் சாயவில்லை. குடிநோய் வருவதில் சுமார் பாதிப் பங்கு பரம்பரைக்கு என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அந்தப் பாதி ஒரே மரபணுவில் இல்லை, நூற்றுக்கணக்கானவற்றில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. அவற்றில் தெளிவாகத் தெரிந்தவை ஆல்கஹாலை உடம்பு எப்படி உடைக்கிறது என்பதைத் தீர்மானிப்பவை. நரம்பு வளர்ச்சியோடு தொடர்புடையவை இல்லை.

தம்பியிடம் இதை மட்டும் பேசுங்கள். குடிநோயாளியின் பிள்ளைகளில் சிலருக்குப் போதை லேசில் ஏறாது. நண்பர்கள் தள்ளாடும்போது அவன் மட்டும் நிதானமாக நிற்பான். 'எவ்வளவு அடிச்சாலும் ஸ்டெடி' என்று பெருமை பேசுவார்கள். அமெரிக்காவில் மார்க் ஷூக்கிட் என்பவர் குடிநோயாளிகளின் மகன்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்தார். பின்னாளில் குடிநோயில் விழும் வாய்ப்பு அப்படி 'ஸ்டெடி'யாக நின்றவர்களுக்குத்தான் அதிகம். போதும் என்று சொல்லும் மணி அவர்களுக்கு அடிப்பதே இல்லை. அதோடு, தொடங்கும் வயது எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவு நல்லது. தொடங்காமலே இருந்தால் இந்தப் பரம்பரைக்கு வேலையே இல்லை. பிளஸ் டூ பையனுக்கு இது புரியும். அப்பாவைக் காட்டிப் பயமுறுத்தாமல், அக்காவாக உட்கார்ந்து சொல்லுங்கள்.

நீங்கள் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா, படிப்பு எப்படிப் போகிறது என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. குடிநோயாளியின் வீட்டாருக்கென்றே அல்-அனான் என்ற கூட்டங்கள் இருக்கின்றன. அம்மாவும் நீங்களும் ஒருமுறை போய்ப் பாருங்கள். அப்பாவின் நாற்பத்தோரு நாளில் உங்கள் நாற்பத்தோரு நாளும் அடங்கியிருக்கிறது.

பிளேட்லெட் ரிப்போர்ட் வந்ததும், டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். எண் குறைவாகவே இருந்தால் என் பதிலுக்குக் காத்திருக்காமல் ஸ்கேனுக்குப் போய்விடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மனநல மருத்துவர்